ஐஸ் பிளாண்ட் கன்ட்ரோலரைச் சரிபார்த்ததும், அதற்கு பில் வாங்கியதும்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்ட். இரண்டு அமோனியா கம்ப்ரஸர், புதிய கன்ட்ரோல் பேனல், உள்ளே இரட்டைக் கோர் இஎஸ்பி32 சிப். பேனலைச் செய்தது வேறொரு ஒப்பந்ததாரர். அதில் ஓடும் மல்டித்ரெட் கோடை (பல டாஸ்க்குகள் ஒரே நேரத்தில் ஓடும் புரோகிராமை) ஃபார்மல் வெரிஃபிகேஷன், அதாவது கணித முறையில் சரிபார்ப்பு, செய்து அறிக்கை கொடுப்பது மட்டும் என் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸுக்கும் கிராக்கி இருக்காது. அதற்குள் முடிக்கச் சொன்னார்கள், முடித்தேன். பணம் வாங்கத்தான் நாக்குத் தள்ளிவிட்டது. இதே மாதிரி வேலை எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சென்சார் போர்டில் ஒரு சின்ன எஃப்பிஜிஏ (நாமே சர்க்யூட்டை அமைத்துக்கொள்ளும் சிப்) உண்டு. இரண்டு கிளாக்குக்கு நடுவே தகவலை வரிசையாகக் கடத்தும் ஃபைஃபோவில், பத்திரமாகக் கடத்தத் தேவையான கிரே கோடு பாயின்டர், இரண்டு ஃபிளிப்ஃபிளாப் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. சிம்பியோசிஸ் (SymbiYosys) என்ற வெரிஃபிகேஷன் டூலில் போட்டதும் பாஸ். ஆனால் குறிப்பிட்ட ஆழம், அதாவது இத்தனை படிகள், வரை மட்டும் தேடும் பிஎம்சி சோதனை பாஸானதை வைத்து "நிரூபித்தாயிற்று" என்று எழுதிவிடாதீர்கள். இன்டக்‌ஷனும் ஓட வேண்டும். சரியான நிலையிலிருந்து அடுத்த படியும் சரியாகவே இருக்கும் என்று காட்டும் முறை அது; நடைமுறையில் எட்டவே முடியாத ஒரு நிலையிலிருந்து தொடங்கி ஃபெயில் காட்டலாம். பயப்படாமல் துணை இன்வேரியன்ட் (எப்போதும் உண்மையாக இருக்கும் நிபந்தனை) சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேரில்தான் வினை. எதை நிரூபிக்க வேண்டும் என்று டெண்டர் தாளில் பார்த்தால், "சிஸ்டம் பிழையின்றி இயங்க வேண்டும்" என்று ஒரே வரி. இதை எந்த டூலுக்குக் கொடுப்பது? பிளாண்ட் ஆபரேட்டரைப் பிடித்தேன். கீழக்கரைக்காரர், அமோனியா நெடியிலேயே பாதி ஆயுசு போனவர். அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, லீக் அலாரம் அடிச்சா மிஷின் நிக்கணும். நின்ன மிஷின் தன்னால ஓடக்கூடாது, நான் போயிப் பாத்து ரீசெட்டை அமுக்குனாத்தான் ஓடணும்."

"காக்கா, ரெண்டாவதா சொன்னது தாள்லயே இல்லையே?"

"தாள் எழுதுனவரு பிளாண்டுக்குள்ள வந்திருக்காரா?"

அந்த இரண்டாவது வாக்கியம்தான் வேலை முழுவதையும் காப்பாற்றியது. லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் (TLA+) என்ற மொழியில் மாடல் எழுதி, வரக்கூடிய நிலைகளையெல்லாம் தேடிப் பார்க்கும் டிஎல்சி செக்கரை ஓட்டினேன். டீ ஆறுவதற்குள் பிழை விழுந்தது. ஸ்டார்ட் டாஸ்க் "அலாரம் இல்லை" என்று படித்துக்கொள்கிறது. அடுத்த கணம் லீக் டாஸ்க் அலாரம் ஃபிளாக்கை வைத்து, கம்ப்ரஸரை ஓட்டும் ரிலேயை அணைக்கிறது. ஸ்டார்ட் டாஸ்க்கோ பழைய பதிலை நம்பி ரிலேயைத் திரும்பப் போடுகிறது. அமோனியா கசியும்போது கம்ப்ரஸர் ஓடுகிறது. அந்த ஃபிளாக் வேறு வெறும் வோலடைல் மாறி, அதாவது ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொன்ன மாறி. வோலடைல் போட்டால் மல்டித்ரெட்டுக்குப் போதும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். படித்துப் பார்ப்பதையும் ரிலே போடுவதையும் அது ஒரே செயலாகச் சேர்த்துவிடாது.

ஒப்பந்ததாரர் சண்டைக்கு வந்தார்: "டெஸ்ட்ல ஒரு தடவைகூட வரலையே!" வராதுதான். தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை மெஷினிலும் ஆபரேட்டர் வேகமாகத் தட்டித் திருத்தினால் மட்டுமே வந்த ரேஸ் (டாஸ்க்குகள் முந்துவதால் வரும் பிழை) உண்டு. 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுக்கு மீறிக் கதிர்வீச்சு பாய்ந்தது. முந்தைய மாடலில் இருந்த ஹார்டுவேர் தடுப்பை எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை நம்பியதும் ஒரு காரணம். இதைச் சொன்ன பிறகு மனிதர் இறங்கி வந்தார். ரிலேயை ஒரே டாஸ்க் மட்டும் தொடும், மற்றவை அதற்குக் க்யூவில் செய்தி அனுப்பும், அலாரம் வந்தால் ரீசெட் வரை லாட்ச் ஆகி (பூட்டிக்கொண்டு) நிற்கும் என்று மாற்றினார். லீக் டிடெக்டர் கான்டாக்டை, கம்ப்ரஸருக்குக் கரன்ட் கொடுக்கும் கான்டாக்டரின் காயிலுக்கு சீரிஸில் வயர் பண்ணவும் வைத்தேன்; லீக் என்றால் சாஃப்ட்வேரைக் கேட்காமலே மிஷின் நிற்கும். மாடலில் எத்தனை பச்சை டிக் வந்தாலும் இந்த வயரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

டிஎல்சியில் படக்கூடிய பாடுகள் சில. க்யூ நீளத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் நிலைகள் பெருகி லேப்டாப் மூச்சுவிடாது. இரண்டில் தொடங்குங்கள். காற்று பலமாக அடித்தால் இங்கே கரன்ட் போகும். செக்பாயின்ட்டிலிருந்து (இடையில் சேமித்த இடத்திலிருந்து) மீட்கும் வசதி இருப்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இரவு முழுக்க ஓடியது வீணாகாது. "அலாரம் வந்தால் கடைசியில் நின்றே தீரும்" என்பதைச் சோதிக்க வீக் ஃபேர்னஸ், அதாவது தொடர்ந்து செய்ய முடிகிற வேலையை டாஸ்க் ஒருநாள் செய்தே தீரும் என்ற அனுமானம், வேண்டும். இல்லாவிட்டால் யாருமே எதுவும் செய்யாமல் நிற்பதையே பிழையாகக் காட்டும். அந்தச் சோதனையின்போது சிமெட்ரியை (ஒரே மாதிரி நிலைகளை ஒன்றாக எண்ணும் வசதியை) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிஜப் பிழை நழுவிவிடலாம். மாடல் சரியென்றால் கோடும் சரி என்று ஆகாது. லாஜிக்கைத் தனியாகப் பிரித்து லினக்ஸில் கம்பைல் செய்து ஓடும்போதே ரேஸைப் பிடிக்கும் த்ரெட் சானிட்டைசரிலும் ஓட்டினேன்.

இனி ஆபீஸ். அறிக்கையைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் போனேன். கையெழுத்துப் போடுகிறவர் கேம்ப் போய்விட்டாராம். அடுத்த முறை போனபோது கிளார்க் பக்கங்களைப் புரட்டி, டிஎல்சி காட்டிய பிழை ஓட்டத்தின் (பிழை வந்த வழியின் படிப்படியான பட்டியல்) மேல் விரலை வைத்தார்.

"தப்பு இருக்குன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. எப்படி சார் பில் போடுறது?"

"கண்டுபிடிச்சு சரிபண்ணியாச்சு சார், அடுத்த பக்கம் பாருங்க."

"அப்ப முந்தின பக்கம் எதுக்கு?"

அப்புறம் "நூறு சதவீதம் பிழையில்லை" என்று அரசு லேப் சீலோடு சான்றிதழ் கேட்டார். அப்படியொரு சீலை நான் எங்கே போய் வாங்குவது? அந்த வரியை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு மண்டபம் பஸ் ஏறினேன்.

கடைசியில் வேலை செய்தது இதுதான். முதல் பக்கத்தில் காக்கா சொன்ன இரண்டு வாக்கியங்கள் தமிழிலேயே, ஒவ்வொன்றின் கீழும் "இறுதி வடிவமைப்பில் மீறல் இல்லை", அதன் கீழ் எந்த அனுமானத்தில், எத்தனை டாஸ்க் வரை சோதித்தது என்ற வரம்பு. ஆபரேட்டர் கையெழுத்து, ஒப்பந்ததாரர் கையெழுத்து. பிழை ஓட்டம் தனி உறையில் இணைப்பாக. உறையை யாரும் பிரிக்கவில்லை, கிளார்க் சீல் குத்தினார். நீங்கள் வேலை எடுக்கும்போதே இந்த முதல் பக்கத்தை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பில் பாஸாகிவிட்டது. பிடித்து வைத்த டெபாசிட் இன்னும் வரவில்லை. அதற்கு வேறு படிவமாம்.