எந்த ஊர், எந்தக் காலம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் நூலகத்தில் சேர்ந்த புதிதில், புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதும் திரும்பி வந்ததை அதனதன் இடத்தில் வைப்பதும்தான் என் வேலை என்று நினைத்திருந்தேன். சில மாதங்களில் சலிப்பு வந்துவிட்டது.

இதே நூலகத்துக்கு 1924-இல் நூலகராக வந்த எஸ்.ஆர். ரங்கநாதனுக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்திருக்கிறது. மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். பழைய இடத்துக்கே போய்விடுகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். முதலில் லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் பார்த்துவிட்டு வா, பிறகு முடிவு செய்யலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வேறு வேறு பொம்மை செய்யலாம். ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்பதையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியதிலிருந்து பிறந்ததுதான், புத்தகங்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தி அடுக்குவதற்கு 1933-இல் அச்சில் வந்த கோலன் பகுப்புமுறை. மொத்தம் இருபது ஆண்டுகள் அவர் இங்கே இருந்தார்.

பட்டப்படிப்பில் இதையெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அது எதற்கு உதவும் என்று எனக்குக் காட்டியது ஒரு மாணவி.

எம்.ஃபில் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். இரண்டு நாளாக வரலாற்று அலமாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே இருந்தாள். புத்தகத்தை உருவுவாள், புரட்டுவாள், வைத்துவிடுவாள். மூன்றாம் நாள் நானே போய், "என்னம்மா வேணும்?" என்றேன். "ஹிஸ்டரி புக் சார்" என்றாள். அவள் நின்ற இடத்தில் இருந்ததெல்லாம் ஹிஸ்டரி புக்தான்.

உட்காரவைத்துப் பேசினேன். ரங்கநாதன் பின்னாளில் எந்தப் பாடத்தையும் ஐந்து முகங்களாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். எது, அதில் என்ன பொருள், அதற்கு என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. அந்த ஐந்தையும் சாதாரணப் பேச்சாக்கி ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஏரி என்றாள். தண்ணீர் என்றாள். மதகைத் திறக்கிற உரிமை யாரிடம் இருந்தது என்று பார்க்க வேண்டும் என்றாள். எந்த ஊர்? தென் ஆற்காடு, விழுப்புரம் பக்கம். எந்தக் காலம்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க தாத்தாவோட தாத்தா நீர்க்கட்டியா, ஏரித் தண்ணியைத் திறந்து பாய்ச்சுற ஆளா இருந்தாராம் சார், அந்தக் காலம்" என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு வேலை சுலபம். கார்ஸ்டின் எழுதிய 1878-ஆம் ஆண்டு தென் ஆற்காடு மாவட்டக் கையேட்டையும், ஃபிரான்சிஸ் எழுதிய 1906 கெசட்டியரையும் எடுத்துவைத்தேன். சாயங்காலம் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

இரண்டு நாள் ஏன் அவள் யாரையும் கேட்கவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகத்துக்கு வருகிற பிள்ளைகள் செனட் மாளிகையைத் தாண்டும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ராபர்ட் சிசம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1879-இல் கட்டி முடித்த கட்டடம் அது, பார்க்கிறவரை மலைக்கவைக்கும். அதனிடமிருந்து வருகிற கூச்சத்தோடுதான் எங்கள் மேஜைக்கும் வருவார்கள். தெரியாததைக் கேட்டால் தகுதி போய்விடும் என்ற பயம். இந்தப் பயத்தைப் போக்குவது புத்தகம் தேடித் தருவதைவிடப் பெரிய வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர்களுக்குக் கணித மேதை ராமானுஜனைப் பற்றிச் சொல்வேன். பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், பட்டம் இல்லாதவர். அவருக்கு 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது இந்தப் பல்கலைக்கழகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரும் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்று சொன்னால், அறிக்கை எழுதிக் களைத்துப்போன பிள்ளைகளின் முகம் கொஞ்சம் தெளியும்.

இன்னொன்று, தமிழ் லெக்சிகன். 1924-இலிருந்து இந்தப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதி. வட்டாரச் சொற்களின் பக்கத்தில் அந்தச் சொல் எங்கே வழங்குகிறது என்று சின்னக் குறிப்பு இருக்கும். தன் பாட்டி வாயில் மட்டுமே கேட்டிருந்த ஒரு சொல்லை நாஞ்சில்நாட்டுக் குறிப்போடு அதில் பார்த்துவிட்டு, ஒரு பையன் என்னிடம் பக்கத்தை விரித்தபடியே தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அந்தக் கனத்த தொகுதியை அப்படித் தூக்கக் கூடாதுதான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏரி மாணவி அதே தலைப்பில் பிஎச்.டியும் பதிவு செய்தாள். மதியம் திருவல்லிக்கேணிப் பக்கம் சாப்பிட்டுவிட்டு ஒருநாள் திரும்பி வருகிறேன், என் நாற்காலிக்குப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை உட்காரவைத்திருந்தாள். நான் வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"கோயில்னா எல்லா கோயிலுமா? சரி, எந்த ஊர்? எந்தக் காலம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.