மும்முரமா, மோதலா?

ஆடிட்டர் நண்பரின் அலுவலகத்தில், பீரோவின் மேல் தூசு படிந்த பெட்டியொன்றில் ஆரஞ்சு விளக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"பார்த்தீர்களா, வேலை மும்முரம்!" என்றார் பெருமையாக.

மும்முரம் இல்லை சார், மோதல்.

அது கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய காலத்து ஹப். ஒரு கணினி அனுப்புவதை மற்ற எல்லா போர்ட்டுக்கும் (கேபிள் செருகும் துளை) அப்படியே கத்திச் சொல்லும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டுமே சிதையும், மறுபடி அனுப்ப வேண்டும். அந்த விளக்கு காட்டியது அதைத்தான். 10 எம்பிபிஎஸ் வேகத்தை ஆறு மேசைகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் மாதத்தில் எப்படித்தான் சமாளித்தார்களோ!

இதற்குப் பதிலாக இப்போது வைப்பது ஸ்விட்ச் என்ற பெட்டி. அது, எந்த போர்ட்டில் யார் என்று ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் முகவரி என்ற அடையாள எண்ணை வைத்துக் கற்றுக்கொண்டு உரியவருக்கு மட்டும் கொடுக்கும்.

எட்டு போர்ட் போதும் என்றார். ஆறு கணினி, ஒரு பிரிண்டர், ரூட்டருக்கு ஒன்று. அத்தோடு தீர்ந்தது. நாளை ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால்? 16 போர்ட் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஸ்விட்ச் வாங்கச் சொன்னேன். ஸ்விட்சை நாமே அமைத்துக் கண்காணிக்கும் மேலாண்மை வசதியெல்லாம் இவ்வளவு சிறிய அலுவலகத்துக்கு வீண் செலவு.

ஆனால் கிகாபிட்டுக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். இங்கே நான்குதான் இணைத்திருந்தது. ஸ்விட்ச் எதுவானாலும் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

"யார் சார் இந்தக் கேபிளை இழுத்தது?" என்றேன்.

மைத்துனராம்.