ஓட்டக்காரனின் ஒழுங்கோடு ஒரு விசுவாச வாழ்க்கை

புத்தாண்டு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், 'இந்த வருடம் வேதத்தை முழுவதும் வாசித்துவிட வேண்டும்' என்று தீர்மானிப்பவர்கள் நம் சபைகளில் ஏராளம். தினம் மூன்று அதிகாரம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று முப்பது நாளில் தொண்ணூறு அதிகாரம் முடிந்துவிடும். ஜனவரி 31 அன்று லேவியராகமம் ஆரம்பம். சர்வாங்க தகனபலி, போஜனபலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதே வேகம் குறையும். அந்த வாரத்தில் ஒரு கல்யாணமோ காய்ச்சலோ வந்து இரண்டு நாள் விட்டுப்போனால், மூன்றாம் நாள் ஒன்பது அதிகாரம் காத்திருக்கும். வாசிப்பு அதோடு நின்றுவிடும். குற்றவுணர்வு மட்டும் டிசம்பர் வரை கூடவே வரும்.

இப்படி நின்றுபோகிறவர்களுக்குப் பக்தி குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுமையை அளக்காமல் தூக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். புதிதாக ஓட வந்தவனை முதல் நாளே பத்து கிலோமீட்டர் ஓடச் சொல்லும் பயிற்சியாளர் உண்டா?

பவுல் இந்த விஷயத்தை நன்றாக அறிந்திருந்தார். கொரிந்துவில் அவர் ஒன்றரை வருடம் தங்கியதாக அப்போஸ்தலர் 18:11 சொல்கிறது. அந்தப் பட்டணத்துக்குப் பக்கத்திலேயே, இஸ்த்மியாவில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். ஜெயித்தவனின் தலையில் பைன் மரத்து இலையாலோ, காய்ந்த செலரியாலோ கட்டிய வளையத்தை வைப்பார்கள். சில நாளில் உதிர்ந்துபோகிற அந்த இலைக்காக ஒருவன் மாதக்கணக்கில் உணவையும் உறக்கத்தையும் ஆசைகளையும் கட்டுப்படுத்துவதைக் கொரிந்து சபையார் பார்த்திருக்கிறார்கள். 'அவர்கள் அழிவுள்ள கிரீடத்தைப் பெறும்படிக்கு அப்படிச் செய்கிறார்கள், நாமோ அழிவில்லாத கிரீடத்தைப் பெறும்படிக்கு அப்படிச் செய்கிறோம்' என்று அவர்களுக்கு எழுதியபோது பவுல் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். இந்தப் பயிற்சி எதுவும் இரட்சிப்பைச் சம்பாதித்துத் தராது. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டோம், அது தேவனுடைய ஈவு என்று எபேசியர் 2:8 சொல்லிவிட்டது. தேசத்துக்காக ஓடுகிறவன் குடியுரிமை வாங்குவதற்காக ஓடுவதில்லை. குடிமகனாக இருப்பதால் ஓடுகிறான். இந்த வரிசை மாறிவிட்டால் ஒழுங்கு நுகமாகிவிடும். ஒரு நாள் ஜெபிக்காவிட்டால் கர்த்தர் கைவிட்டுவிடுவார் என்ற பயமும், தவறாமல் ஜெபித்தால் மற்றவர்களை இளக்காரமாகப் பார்க்கும் பெருமையும் அந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

இனி அளவுகள். வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள், புதிய ஏற்பாட்டில் 260. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் 52 வாரத்தில் 260 சரியாக முடியும். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை. சனியும் ஞாயிறும் விட்டுப்போனதைப் பிடிப்பதற்கு. அதிலும் பிடிக்க முடியாவிட்டால் பாக்கியைத் துரத்தாதீர்கள். அன்றைய அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். விட்டதையெல்லாம் ஒரே நாளில் சேர்த்து ஓடினால்தான் தசை பிடித்துக்கொள்ளும். ஒரு வருடம் இப்படி நிலைத்த பிறகு காலையில் புதிய ஏற்பாடு, இரவில் ஒரு சங்கீதம் என்று கூட்டலாம். 150 சங்கீதமும் ஐந்து மாதத்தில் ஒரு சுற்று வந்துவிடும். பழைய ஏற்பாட்டை அதன்பின் தொடங்குங்கள். எபிரெயர் நிருபத்தை வாசித்து முடித்தவருக்கு லேவியராகமத்தின் பலிகள் எதை நோக்கிப் போகின்றன என்பது புரியும். அப்போது அங்கே கால் இடறாது.

ஜெபத்துக்கு ஒரு மணி நேரம் என்று ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு வாரம்கூடத் தாண்டுவதில்லை. பதினைந்து நிமிடம் போதும். துதிக்கு மூன்று, பாவ அறிக்கைக்கு மூன்று, ஸ்தோத்திரத்துக்கு நான்கு, மற்றவர்களுக்காகவும் நமக்காகவும் விண்ணப்பத்துக்கு ஐந்து. மனம் அலைவது எல்லோருக்கும் நடப்பதுதான். வாய்விட்டுச் சொல்லி ஜெபித்தால் பாதி அலைச்சல் குறையும். விண்ணப்பங்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தால் மீதியும் குறையும். இடமும் நேரமும் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். வேத ஆப் போனில்தான் இருக்கிறது என்றால் அச்சு வேதாகமம் ஒன்று வாங்கிவிடுங்கள். மாதத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கூட்ட வேண்டாம். இன்னொன்று, அதிகாலை ஜெபம் முந்தின இரவிலேயே தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டு மணி வரை விழித்திருந்துவிட்டு ஐந்து மணிக்கு அலாரம் வைப்பவர் தூக்கத்தோடுதான் போராடுவார்.

மனப்பாட வசனத்துக்கு ரோமர் 8 நல்ல களம். 39 வசனங்கள், வாரம் ஒன்று என்றால் ஒன்பது மாதம். ஞாயிறு மாலை கையால் எழுதுங்கள். திங்கள், செவ்வாய் பார்த்துப் பத்து முறை சத்தமாக வாசியுங்கள். புதன் முதல் பார்க்காமல் சொல்லுங்கள். வசன எண்ணை முன்னும் பின்னும் சொல்லாவிட்டால், தேவைப்படும் நேரத்தில் வசனம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பழைய மொழிபெயர்ப்பு ஒரு வாரம், புதியது ஒரு வாரம் என்று கலந்தால் இரண்டும் நாவில் நிற்காது. படித்த வசனத்தை அடுத்த ஒரு மாதம் வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் திருப்பிச் சொல்ல வேண்டும். பலர் விடுவது இந்தத் திருப்புதலைத்தான்.

உபவாசத்தையும் ஒரு வேளை உணவிலிருந்து தொடங்கலாம், மாதம் இரண்டு முறை. தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். மிச்சமான அந்த அரைமணி நேரம் ஜெபத்துக்குப் போக வேண்டும். டிவிக்குப் போனால் அது வெறும் பட்டினி. மிச்சமான பணம் பசித்த ஒருவருக்குப் போகட்டும், ஏசாயா 58 கேட்பது அதைத்தான். முடிக்கும்போது கஞ்சி போல எளிதானது எதையாவது சாப்பிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் டாக்டரைக் கேட்காமல் உணவை விடக்கூடாது. அவர்கள் போனையோ டிவியையோ ஒரு நாள் விட்டுவிடலாம்.

'ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்' என்று பவுல் சொன்னதையும் பயிற்சியில் கொண்டுவர வேண்டும். 'நான் நல்லவனாக மாற வேண்டும்' என்பது ஆகாயத்தை அடிப்பது. 'காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அரைமணி நேரத்தில் கத்தாமல் இருக்க வேண்டும்' என்பது அடி விழும் இடம். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு பாவத்தை எடுங்கள். அது எந்த நேரத்தில், யாரிடம், எந்தக் களைப்பில் வருகிறது என்று இரவில் இரண்டு வரி எழுதுங்கள். இரண்டு வாரத்திலேயே ஒரு ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். பிறகு அந்த நேரத்துக்கு முன்பே ஜெபியுங்கள், கோபிப்பதற்குத் தாமதமாயிருங்கள் என்கிற யாக்கோபு 1:19-ஐ நாவில் வையுங்கள், புத்தகப் பையை முந்தின இரவே கட்டி வையுங்கள். பை கட்டுவதும் ஆவிக்குரிய காரியம்தான் என்று முழு மனதோடு நம்புகிறேன்.

முன்கூட்டியே முடிவெடுப்பதற்கு ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல்லைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று மாதங்களுக்கு முன்பே தெரிந்ததும் விலகிவிட்டார். ஓய்வுநாளில் ஓடுவதில்லை என்பது அவருடைய தீர்மானம். மிச்சமிருந்த மாதங்களை 400 மீட்டருக்குப் பயிற்சி எடுக்கப் பயன்படுத்தினார், 47.6 விநாடியில் தங்கம் வென்றார். அடுத்த வருடமே மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். போர்க்காலத்தில் ஜப்பானியரின் வெய்ஷியன் முகாமில் அடைபட்டு, 1945 பிப்ரவரியில் 43 வயதில் அங்கேயே மரித்தார். அந்த முகாமில், ஞாயிறன்று விளையாடப் போய்ச் சண்டை போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்காக அவரே இறங்கி நடுவராக நின்றார். ஒலிம்பிக்குக்கு அசையாத மனிதர் சண்டையிட்ட பிள்ளைகளுக்காக அசைந்தார். ஒழுங்கு அன்புக்கு வேலைக்காரனாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஞாயிறுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஓய்வும் பயிற்சியின் பகுதி. ஈஸ்டருக்கு முந்தின உபவாசக் காலமான லெந்து நாட்களைச் சாம்பல் புதன் முதல் எண்ணினால் 46 வரும். ஆறு ஞாயிறுகளை நீக்கித்தான் நாற்பது ஆகிறது. சூரைச்செடியின் கீழ் சாகும்படி கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்று இரண்டு முறை சொன்னான். வாரம் முழுவதும் கூட்டம், பாடகர் குழு, வாலிபர் ஐக்கியம் என்று ஓடி, வீட்டில் எரிந்து விழுகிறவருக்கு இன்னொரு ஜெபக்கூட்டம் மருந்தாகாது. ஒரு வாரம் பொறுப்புகளைப் பாதியாகக் குறைத்து நன்றாகத் தூங்கட்டும்.

தனியாக ஓடுகிறவர் தன் தளர்ச்சியை மறைத்துக்கொள்ள முடியும். அதனால் நம்பகமான ஒருவரோடு வாரத்தில் இருபது நிமிடம் பேசுங்கள். ஆண் ஆணோடும் பெண் பெண்ணோடும் இருப்பது நல்லது. கேள்விகள் மூன்று போதும்: என்ன வாசித்தாய், எங்கே விழுந்தாய், யாரை மன்னிக்க வேண்டும்? கேட்டது அந்த இருவரையும் தாண்டி வெளியே போகக்கூடாது, ஜெபக் குறிப்பு என்ற பெயரிலும்கூட.

காய்ச்சல், பிரயாணம், வீட்டில் சாவு என்று திட்டமே நடக்காத நாட்களும் வரும். அவற்றுக்கான குறைந்தபட்ச அளவை இப்போதே முடிவுசெய்து வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்: சங்கீதம் 23, கர்த்தருடைய ஜெபம், நன்றி சொல்ல ஒரு காரியம். நான்கு நிமிடம் போதும், படுத்துக்கொண்டே செய்யலாம்.