நாகர்கோவிலுக்கு ஒரு லேபிள் வேண்டும்

நம்ம மாவட்டத்தில் கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளுக்குப் பஞ்சமே கிடையாது. தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு சர்ச் பாடகர் குழு இருக்கும், அதில் பேஸ் வாசிக்க ஒருத்தன், டிரம்ஸ் அடிக்க ஒருத்தன், கீபோர்டில் ஒரு தங்கச்சி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இதே பிள்ளைகள் யார் வீட்டு மொட்டை மாடியிலாவது கூடிச் சொந்தமாகப் பாட்டுப் போடுவார்கள். நல்ல பாட்டு. ஆனால் செல்போன் ரெக்கார்டிங்கைத் தாண்டாது. படிப்பு முடிந்ததும் ஒருத்தன் சென்னைக்கு, ஒருத்தன் துபாய்க்கு, பேண்டு கலைந்துவிடும், பாட்டும் அதோடு போய்விடும். எனக்கு இது தாங்க முடியவில்லை. அதனால்தான் நம்ம ஊருக்கு ஒரு லேபிள், அதாவது பேண்டுகளின் பாட்டைப் பதிந்து வெளியிடுகிற ஒரு சின்னக் கம்பெனி, வேண்டும் என்கிறேன்.

வாஷிங்டன் டி.சி.யில் 1980-ல் டீன் ஐடில்ஸ் என்ற பேண்டும் இப்படித்தான் கலைந்தது, எல்லாம் பள்ளிக்கூட வயசு. ஆனால் கச்சேரிகளில் சேர்ந்த காசைப் பங்கு போட்டுக்கொள்ளாமல், 8 பாட்டை ஒரு சின்ன இசைத்தட்டாகப் போட்டார்கள். உறைகளைக் கையாலேயே வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். டிஸ்கார்டு ரெக்கார்ட்ஸ் என்ற லேபிள் அப்படித்தான் பிறந்தது. அந்தப் பேண்டில் இருந்த இயன் மக்காய்தான் பிறகு ஃபுகாசி என்ற பேண்டில் பாடினார். ஃபுகாசி டிக்கெட்டை 5 டாலர் அளவிலேயே வைத்திருந்தது, எந்த வயசுப் பிள்ளையும் உள்ளே வரலாம். பெரிய கம்பெனிகள் தேடி வந்தும் டிஸ்கார்டை விட்டுப் போகவில்லை. எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: டிஸ்கார்டு தன் ஊர்ப் பேண்டுகளை மட்டுமே வெளியிட்டது. உலகத்தையே பிடிக்க வேண்டும் என்று அலையவில்லை, எங்கள் ஊரில் இப்போது என்ன வாசிக்கிறார்கள் என்று பதிந்து வைத்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தத் தட்டுகள் கிடைக்கின்றன.

அமெரிக்காவிலேயே சியாட்டில் நகரத்தின் சப் பாப் லேபிள் வேறு மாதிரி. அவர்கள் ஊரையே விளம்பரம் செய்தார்கள். 1989-ல் லண்டனிலிருந்து மெலடி மேக்கர் பத்திரிகை எழுத்தாளரைச் சொந்தச் செலவில் வரவழைத்து, எங்கள் பேண்டுகளைக் கேளுங்கள் என்று காட்டினார்கள். அதே வருஷம் அவர்கள் வெளியிட்ட, நிர்வாணா என்ற ராக் பேண்டின் முதல் ஆல்பம் ‘ப்ளீச்’ பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பையன்கள் சியாட்டில்காரர்கள்கூட இல்லை, ஆபர்டீன் என்ற மரத்தொழில் ஊரிலிருந்து வந்தவர்கள். பக்கத்து நகரத்தில் காது கொடுத்துக் கேட்க ஒரு லேபிள் இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

நமக்கும் பக்கத்து நகரம் இருக்கிறது, பஸ் ஏறினால் திருவனந்தபுரம். அங்கிருந்துதான் அவியல் என்ற பேண்டு வந்தது, சுத்த மலையாளத்தில் ராக். 2008-ல் அவர்கள் ஆல்பத்தை ஃபாட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டபோது இங்கே எங்கள் செட்டில் எல்லோரும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டோம். சொந்த பாஷையில் இவ்வளவு சத்தமாகப் பாடலாமா என்றிருந்தது. ஆனால் அந்த லேபிள் மும்பையில் இருந்தது, திருவனந்தபுரத்தில் இல்லை. அந்த இடைவெளியைத்தான் நான் சொல்கிறேன்.

சரி, காசு? எனக்குப் பிடித்த கணக்கு சிகாகோவின் டச் அண்ட் கோ லேபிள் வைத்திருந்த கணக்கு. செலவை முதலில் எடுத்துவிட்டு, மிச்ச லாபத்தில் லேபிளுக்குப் பாதி, பேண்டுக்குப் பாதி. பெரும்பாலும் எழுத்தே கிடையாது, கை குலுக்கினால் முடிந்தது. ஆனால் அதில் ஆல்பம் போட்ட பட்ஹோல் சர்ஃபர்ஸ் பேண்டு அந்த லேபிள் மேலேயே வழக்குப் போட்டு 1999-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்துப் பழைய ஆல்பங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆகவே பாதிக்குப் பாதி இருக்கட்டும், ஆனால் ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், எத்தனை வருஷம் என்பதோடு. எனக்குத் தெரிந்த ஒரு பேண்டு வெளியூர்க் கம்பெனி ஒன்றில் கையெழுத்துப் போட்டது, இப்போது தங்கள் பாட்டைத் தங்கள் சேனலிலேயே ஏற்ற முடியாமல் நிற்கிறார்கள். “மக்கா, பாட்டு நம்மளோடதுதானே?” என்று அதில் ஒருவன் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இன்றைக்குத் தட்டு அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பேண்டுகளே பாட்டை விற்கிற பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் ஏற்றினால் டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம், பணம் அனுப்புகிற கட்டணம் தனி. மிச்சம் நமக்கு. ஒரு நல்ல மைக், சத்தம் புகாத அறை, மிக்ஸிங் தெரிந்த ஒரு ஆள், அப்புறம் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று ஒளிக்காமல் காட்டுகிற ஒரு கணக்கு நோட்டு. கடைசிதான் கஷ்டம், அதற்கு நான் இருக்கிறேன்.

முதல் வெளியீட்டுக்கு நான்கு பேண்டு, ஆளுக்கு ஒரு பாட்டு என்று நினைத்திருக்கிறேன். சினிமாப் பாட்டின் கவர் வேண்டாம், சொந்தப் பாட்டு, நம்ம ஊர்ப் பேச்சிலேயே இருந்தால் ரொம்ப சந்தோஷம். மாடியில் எடுத்த செல்போன் ரெக்கார்டிங் போதும், அனுப்புங்கள், எல்லாவற்றையும் முழுசாகக் கேட்பேன். பேண்டு ஏற்கெனவே கலைந்துவிட்டது என்றாலும் பரவாயில்லை.