சீரியல் டயாலிசிஸ்

சீரியலில் ஒருவருக்கு டயாலிசிஸ் என்றால் அவர் கதை முடிந்தது. கட்டில், கலங்கிய கண்கள், அடுத்த வாரம் கிட்னி கொடுக்க யாராவது ஓடிவருவார்கள். அந்த ஆள் பார்த்த வேலை என்ன ஆனது? யாரும் கேட்பதில்லை.

நிஜத்தில் பலர் வாரத்துக்கு 3 நாள், தடவைக்குச் சுமார் 4 மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் இருந்துவிட்டு வேலைக்கும் போகிறார்கள். ஷிப்டை மாற்றித் தரச்சொல்லி மேலதிகாரியிடம் நிற்பது, முடிந்ததும் அடித்துப்போட்டதுபோல் வரும் அசதி, தாகம் எடுத்தாலும் அளந்து குடிப்பது, இதெல்லாம் நாடகம் இல்லையா?

அப்புறம் அந்தக் கை. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து இணைப்பதுதான் ஃபிஸ்டுலா. அதை வைத்த கையில் தோலுக்கடியில் ரத்தக்குழாய் புடைத்திருக்கும். விரல் வைத்தால் விர்ரென்று அதிரும். அதில் பிபி பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு இது ஒன்றே போதும், பிழைப்பு போய்விடும். திரையிலோ ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டுச் சமாளித்துவிடுகிறார்கள்!

வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸும் உண்டு. சிலருக்கு இரவு தூங்கும்போதே வீட்டிலேயே மெஷின் அதைச் செய்துவிடும். காலையில் எழுந்து ஆபீஸ் கிளம்பலாம். எந்தச் சீரியலிலும் நான் பார்த்ததில்லை. அழ வைக்க வசதிப்படாது போல.