லாட் அளவைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

ஃபாரெக்ஸ், அதாவது நாணய வர்த்தகம், கற்கத் தொடங்குபவர்களின் முதல் தேடல், எங்கே வாங்குவது, எங்கே விற்பது என்பதுதான். இண்டிகேட்டர்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும். கணக்கு காலியாவதற்கோ பெரும்பாலும் வேறு காரணம்: கையில் இருக்கும் பணத்துக்கு மீறிய லாட், அதாவது டிரேடின் அளவு. ஒரு டிரேடில் எவ்வளவு இழக்கலாம், ஸ்டாப் லாஸ் (நட்டத்தோடு தானாக வெளியேற வைக்கும் விலை) எங்கே, லாட் எவ்வளவு என்ற இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் மற்றதைக் கற்க அவகாசம் கிடைக்கும்.

அடிப்படைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நாணயங்கள் எப்போதும் ஜோடியாகத்தான் விலை போகும். யூரோ/டாலர் 1.0850 என்றால் ஒரு யூரோவுக்கு 1.0850 டாலர். இந்த ஜோடியை வாங்கினால் யூரோவை வாங்கி டாலரை விற்கிறீர்கள். நான்காவது தசம இடத்தில் ஒன்று நகர்ந்தால் அது ஒரு பிப். யென் சேர்ந்த ஜோடிகளில் இரண்டாவது தசம இடம். பல புரோக்கர்கள் இதற்கு அடுத்த இலக்கத்தையும் காட்டுவார்கள். மெட்டாடிரேடர் என்ற டிரேடிங் மென்பொருளில் அந்தக் கடைசி இலக்கம்தான் ‘பாயிண்ட்’, அதாவது பிப்பில் பத்தில் ஒரு பங்கு. 250 பாயிண்ட் என்றால் 25 பிப். இதைக் குழப்பிக்கொண்டு 25 பாயிண்டில் ஸ்டாப் வைத்தால், நுழைந்த நிமிடத்திலேயே வெளியே வந்துவிடுவீர்கள்.

1.00 லாட் என்பது ஜோடியில் முதலில் வரும் நாணயத்தின் 1,00,000 யூனிட். 0.10 என்றால் 10,000, 0.01 என்றால் 1,000. இரண்டாவதாக டாலர் வரும் ஜோடிகளில் ஒரு பிப்பின் மதிப்பு முறையே 10 டாலர், 1 டாலர், 10 சென்ட். டாலர்/யென் போன்றவற்றில் இது மாறும்: 1.00 லாட்டுக்கு ஒரு பிப் 1,000 யென், விலை 150.00 ஆக இருக்கும்போது அது சுமார் 6.67 டாலர்.

இனி முக்கியமான கணக்கு. கணக்கில் 1,000 டாலர் இருக்கிறது, ஒரு டிரேடில் 1 சதவீதம், அதாவது 10 டாலர்வரை இழக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப் லாஸை எங்கே வைப்பது என்பதைச் சார்ட்தான் சொல்ல வேண்டும்: எந்த விலையைத் தொட்டால் உங்கள் கணிப்பு தவறு என்று ஆகிறதோ, அதற்குச் சற்று அப்பால். அந்தத் தூரம் ஸ்பிரெட்டையும் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்) சேர்த்து 25 பிப் என்றால், 10 டாலரை 25-ஆல் வகுக்க ஒரு பிப்புக்கு 40 சென்ட். அதற்குரிய லாட் 0.04. தூரம் 50 பிப் என்றால் 0.02. வகுத்து வரும் விடை இரண்டு லாட் அளவுகளுக்கு நடுவில் விழுந்தால் சிறிய லாட்டையே எடுங்கள்.

புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 0.50 லாட் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால், 10 டாலருக்குள் நிற்க ஸ்டாப்பை 2 பிப் தூரத்தில் வைக்க வேண்டியிருக்கும். சந்தையின் சாதாரண அசைவே அதை அடித்துவிடும்.

ஸ்பிரெட்டில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சார்ட்டில் வழக்கமாகத் தெரிவது நாம் விற்கும் விலை. நீங்கள் ஷார்ட் போயிருந்தால், அதாவது முதலில் விற்றிருந்தால், திரும்ப வாங்கித்தான் வெளியேற வேண்டும்; அந்த விலை ஸ்பிரெட் அளவுக்கு மேலே இருக்கும். ‘சார்ட் தொடவே இல்லை, ஸ்டாப் அடித்துவிட்டது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் விளக்கம். முக்கியச் செய்திகள் வெளியாகும் நேரத்திலும், நியூயார்க்கில் மாலை 5 மணிக்கு டிரேடிங் நாள் மாறும் வேளையிலும் ஸ்பிரெட் வெகுவாக விரியும்.

லெவரேஜை, அதாவது கையிருப்பைவிடப் பல மடங்கு மதிப்புக்கு டிரேட் செய்ய விடும் வசதியைப் பற்றிய பயமும் ஆசையும் இரண்டுமே அளவுக்கு மிஞ்சியவை. மேலே சொன்ன 0.04 லாட்டின் முழு மதிப்பு 4,340 டாலர். 1:100 லெவரேஜில் 43.40 டாலர் மார்ஜினாக, அதாவது பிணைத்தொகையாக முடங்கும், 1:30-இல் சுமார் 145 டாலர். லாபமோ நட்டமோ இரண்டிலும் ஒன்றே. பெரிய லெவரேஜ், கணக்கு தாங்காத லாட்டையும் எடுக்க விடுகிறது என்பதில்தான் ஆபத்து. அதே 1,000 டாலரில் 1:100 லெவரேஜில் 0.90 லாட் எடுத்தால் 976.50 டாலர் மார்ஜினாகப் போய்விடும், பிப்புக்கு 9 டாலர். மூன்று பிப் எதிராக நகர்ந்தாலே ஈக்விட்டி (அந்த நேர லாப நட்டத்தையும் சேர்த்த கணக்கு மதிப்பு) மார்ஜினுக்குக் கீழே இறங்கும். புரோக்கரின் ஸ்டாப் அவுட் வரம்பு மார்ஜினில் 50 சதவீதம் என்றால், சுமார் 57 பிப்பில் பாதிப் பணம் போன நிலையில் டிரேடைத் தானாகவே மூடிவிடுவார்கள். ஒரே நாளில் யூரோ/டாலர் அவ்வளவு நகர்வது சர்வசாதாரணம். ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்மா, 2018-இல் முக்கிய ஜோடிகளுக்கு 1:30 என்று வரம்பு வைத்தபோது, இத்தகைய சிறு முதலீட்டாளர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் பணத்தை இழக்கின்றன என்று குறிப்பிட்டது.

ஏன் 1 சதவீதம்? தொடர்ந்து பத்து நட்டம் வந்தால் 1 சதவீத அளவில் கணக்கு 9.6 சதவீதம் குறையும், மீட்க 10.6 சதவீத லாபம் போதும். டிரேடுக்கு 10 சதவீதம் வைத்திருந்தால் 65 சதவீதம் போயிருக்கும். மீட்க 187 சதவீதம் வேண்டும். இத்தகைய தொடர் நட்டம் நல்ல முறைகளுக்கும் வரும்.

யூரோ/டாலரையும் பவுண்டு/டாலரையும் ஒரே நேரத்தில் வாங்கிவிட்டு, ரிஸ்க்கைப் பிரித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். இரண்டிலும் டாலரைத்தான் விற்றிருக்கிறீர்கள். டாலர் ஏறினால் இரண்டு ஸ்டாப்பும் சேர்ந்தே அடிபடும். இரண்டுக்கும் சேர்த்து 1 சதவீதம் என்று வைப்பதே சரி.

ஸ்டாப் லாஸ் போட்ட விலையிலேயே நிறைவேறும் என்ற உறுதியும் இல்லை. 2011 செப்டம்பர் முதல் யூரோவை 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகவிடாமல் காத்துவந்த சுவிஸ் தேசிய வங்கி, 2015 ஜனவரி 15 அன்று அதைத் திடீரெனக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1.00 ஃபிராங்குக்கும் கீழே சரிந்தது. 1.20-ஐ ஒட்டி ஸ்டாப் வைத்திருந்தவர்களுக்கு அந்த விலையில் வாங்க ஆளே இல்லை. பலருடைய கணக்கு மைனஸுக்குப் போனது. அல்பாரி என்ற புரோக்கரின் பிரிட்டன் நிறுவனம் திவாலானது. வெள்ளி இரவு மூடிய விலைக்கும் திங்கள் திறக்கும் விலைக்கும் நடுவே விழும் இடைவெளி இதன் சிறிய வடிவம். கணக்கு மைனஸுக்குப் போகாது என்ற பாதுகாப்பு இருக்கிறதா என்று புரோக்கரின் ஒப்பந்தத்தில் பாருங்கள். புரோக்கர் தரும் உரிம எண்ணைக் கட்டுப்பாட்டு அமைப்பின் தளத்திலேயே சரிபாருங்கள்.

டெமோவில் (நிஜப் பணம் இல்லாத பயிற்சிக் கணக்கில்) பழகும்போது, உண்மையில் போடப்போகும் தொகையையே வையுங்கள். 1,00,000 டாலர் டெமோவில் பழகிய கை 1,000 டாலர் கணக்கில் லாட்டைக் கூட்டிவிடும். ஒவ்வொரு டிரேடுக்கும் நுழைந்த விலை, ஸ்டாப், லாட், முடிவு ஆகியவற்றோடு, அந்த முடிவு வைத்த ரிஸ்க்கின் எத்தனை மடங்கு என்பதையும் எழுதுங்கள். நூறில் நாற்பது முறை மட்டுமே ஜெயித்தாலும், ஜெயிக்கும்போது 2 மடங்கும் தோற்கும்போது 1 மடங்கும் என்றால், செலவுக்கு முன் சராசரியாக டிரேடுக்கு 0.2 மடங்கு மிஞ்சும். ஸ்டாப்பை நட்டம் கூடும் பக்கம் தள்ளி நகர்த்திய டிரேடுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். தோற்கும்போது போகும் அந்த 1 மடங்கு 3 ஆவது அங்கேதான்.