நாலு கோயிலும் ஒரு சனிக்கிழமையும்

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் சரித்திர ஆசிரியர் ஒரு சனிக்கிழமை காலையில் எங்களை நல்லூருக்கு வரச் சொன்னார். இருபது பேரளவில் சைக்கிளோடு போய் நின்றோம். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் அரண்மனையைக் காட்டப் போகிறார் என்றுதான் எங்கள் நினைப்பு. அவர் சொன்னது வேறு. "தம்பிமார், அரண்மனையைத் தேடாதேங்கோ. நாலு கோயிலையும் சுத்திக் கும்பிட்டுட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்."

கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார். தெற்கே கைலாயபிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், வடக்கே சட்டநாதர். ஒழுங்கைகளுக்குள்ளால் மிதித்து, வேர்த்து விறுவிறுத்து யமுனா ஏரிக்கு வந்து சேர்ந்தோம். 'ப' வடிவக் கேணி; தண்ணீர் முழுக்கப் பச்சைப் பாசி. படிக்கட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஒரு பூவரசந்தடியால் மண்ணில் நாலு புள்ளி குத்தினார் சேர். புள்ளிகளை இணைத்து ஒரு கோடு இழுத்தார். "இவ்வளவும்தான் ராசதானி. மதில் போயிட்டுது, மாளிகை போயிட்டுது. கோயில் இடத்தைக் காட்டிக்கொண்டு நிக்குது."

அந்த நாலு கோயிலும் நகரின் நாலு மதிற்புறத்திலும் காவலாக இருந்தவை என்று யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. போருக்குப் போகுமுன் அரசர்கள் வீரமாகாளியின் முன் வாளை வைத்து வணங்கியதாக ஊரில் இன்றும் சொல்வார்கள். வடக்கே சட்டநாதரோடு தையல்நாயகிக்கும் கோயில் இருந்தது. தமிழ்நாட்டில் இதே தெய்வங்கள் இருக்கும் சீர்காழியும் வைத்தீசுவரன் கோயிலும் ஞாபகத்துக்கு வருகின்றனவல்லவா? கடல் தாண்டி வந்தவர்கள் தங்கள் ஊர்த் தெய்வங்களையும் கூட்டி வந்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அரசரின் காசிலும் நந்திதான், அதன் கீழே 'சேது' என்ற எழுத்து.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் கதைதான் என்னை அன்றும் இன்றும் விடாமல் பிடித்திருக்கிறது. 1450 அளவில் தெற்கே சிங்கள அரசின் தலைநகரான கோட்டேயிலிருந்து படையோடு வந்து நல்லூரைப் பிடித்தவர் சப்புமல் குமாரயா. நம் வாயில் செண்பகப்பெருமாள். பின்னர் கோட்டேயில் புவனேகபாகு என்ற பெயரோடு முடிசூடினார். வென்று வந்தவர், ஆனால் இன்றைக்கும் நல்லூர்க் கட்டியத்தில், அதாவது அந்தக் கோயிலில் உரத்துச் சொல்லும் வாழ்த்தில், 'ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு' என்ற பெயர் ஒலிக்கிறது! கோயிலை விட்டுவிட்டு நல்லூரை ஆள முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

பறங்கியருக்கும், அதுதான் போர்த்துக்கேயருக்கும், இது நன்றாகவே விளங்கியிருந்தது. 1619இல் கடைசி அரசன் சங்கிலியைப் பிடித்து அரசை முடித்தாயிற்று. அப்புறம் எதற்குக் கோயில்மேல் கை வைக்க வேண்டும்? 1621இல் அவர்களின் தளபதி ஒலிவேரா அதையும் இடித்தான். முத்திரைச் சந்தியில் இப்போது கிறிஸ்தவ தேவாலயம் இருக்கும் இடமே அந்தப் பழைய கோயிலின் நிலம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். இன்று நாம் கும்பிடும் கோயில் ஒல்லாந்தர் காலத்தில் குருக்கள் வளவில் எழுந்தது.

சேர் இப்போது இல்லை. கொடியேற்றத்தைக் கைபேசியில் பார்க்கிற ஒவ்வொரு வருஷமும், கட்டியம் தொடங்கியவுடன் அந்தப் பூவரசந்தடி கண்முன் வந்துவிடும். இந்த முறை திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு காலையை ஒதுக்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த நாலு கோயிலையும் சுற்றி வாருங்கள். வெயிலுகந்த பிள்ளையாரில் தொடங்குங்கள், விடிய வெள்ளெனவே.